ரத்த உறவு இல்லாத ஒரு சாட்சி

சூப்பர்வைசர் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பார் என்று தையல்காரி கனவிலும் நினைத்ததில்லை. அவருக்கு ஆள் வேண்டுமென்றால் மில் கேட்டில் நின்றபடியே ஒரு விசில் அடிப்பார். வரிசை வீடுகளிலிருந்து பாதிப் பேர் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள். அன்று காலை அவர் ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம்.

"உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார்.

அந்த 'அம்மா'தான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. இத்தனை வருஷத்தில் "ஏய், தையலு" என்பதைத் தாண்டி அவர் அவளைக் கூப்பிட்டதில்லை.

வெள்ளைக் கல்லை உடைத்து, மாவாக அரைத்து, கண்ணாடிக் கம்பெனிகளுக்கு அனுப்புகிற மில் அது. அரவையில் ஆண்கள், சலிப்பில் பெண்கள். மாவு நிரப்பிய சாக்குகளுக்கு வாய் தைப்பது அவள் வேலை. அதனால் தையல்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் கணவன் நெட்டை, இரண்டாவது அரவை மெஷினில் நின்றவன். நின்ற காலத்தில் வாசற்படி இடிக்காமல் ஒரு வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டான். இப்போது அவன் கட்டிலில் முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறான். படுத்தால் மூச்சு பிடிபடாது. "மாவு அரைக்கிறவனுக்கு வயிறு நிறையும்பாங்க. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு" என்று முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும் என்று இப்போது சிரிப்பதையும் விட்டுவிட்டான்.

வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் சூப்பர்வைசர் உட்கார்ந்தார். கட்டிலைப் பார்த்தார்.

"எப்படி இருக்கான் நம்மாளு?"

"இருக்காருங்க."

"நேத்து டவுனுக்குப் போயிருந்தீங்களாமே. ஆபீசுக்கு."

தண்ணீர் கொண்டுவந்த டம்ளரை அவள் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சும்மாதான் கேட்டேன்" என்றார் அவர். "எதுனாலும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாமே. நாங்க என்ன வேத்து ஆளா? நிவாரணம், அது இதுன்னு எவனாவது ஏத்தி விட்டிருப்பான். செருப்பு தேய்றதுதான் மிச்சம். டாக்டர் டிபின்னுதானே எழுதியிருக்கார்? மாத்திரை சும்மாவே தர்றாங்க. முழுங்கிட்டுப் படுத்திருக்கட்டும்."

எழுந்தவர் போகவில்லை. சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். "மழைக்கு ஒழுகுதா? ஒழுகினா சொல்லுங்கம்மா. முதலாளி வீடு. நாமதானே பாத்துக்கணும்."

அவர் போன பிறகும் அந்தத் தட்டல் அவள் காதிலேயே நின்றது. நெட்டை கண்ணைத் திறந்து, "யாரு சொன்னா அவருக்கு?" என்று கேட்டான். மூன்று வார்த்தைக்கு மூன்று முறை மூச்சு வாங்கினான்.

அதுதான் அவளையும் குடைந்தது. டவுனில் இருக்கும் தொழிலாளர் நல அலுவலகத்தில், கல் தூசியால் நெஞ்சு கெட்டவர்களுக்கு அரசாங்கம் பணம் தருகிறது என்று ஊசி போட வந்த நர்சம்மா சொல்லித்தான் தெரியும். மாதாமாதம் ஒரு தொகை, மூச்சு இழுக்க மெஷின், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் உண்டாம். அவள் போவது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நாத்தனார், நெட்டையின் தங்கை, புருஷனை இழந்து அடுத்த வீட்டில் இருப்பவள், மில்லில் மாவு சலிப்பவள். இன்னொருவன் கொழுந்தன், நெட்டையின் தம்பி, மில் லாரி ஓட்டுபவன். அவன் லாரியில் ஏறித்தான் அவள் டவுனுக்கே போனாள்.

நாத்தனாருக்கு வாயில் பூட்டு கிடையாது. பட்டாசு மாதிரி வெடிப்பாள். மில்லில் அவளுக்கு வெடி என்றே பேர். தையல்காரி அன்று மதியம் சாக்குத் தைக்கிற ஊசியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சலிப்புக் கொட்டகையில் வெள்ளைப் புகையாக மாவு பறந்தது. அதற்குள் நாத்தனாரின் கண்கள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. இவளா? இல்லை, கொழுந்தனா? அவன் சோற்றுக்கு முதலாளியைத்தானே நம்பியிருக்கிறான்? யாரைச் சந்தேகப்பட்டாலும் வீடு உடையும் என்று தெரிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை.

சாயங்காலம் குழாயடியில் கேட்டே விட்டாள்.

"சூப்பர்வைசர்கிட்ட வாய் விட்டியா?"

நாத்தனார் குடத்தை நங்கென்று வைத்தாள். "என்ன கேட்டீங்க அண்ணி? எங்கண்ணன் அங்க மூச்சுக்குத் தவிச்சிக்கிட்டிருக்கு, நான் போயி அந்த ஆள்கிட்டப் பத்த வெப்பேனா?"

"பின்ன யாரு? காத்தா போய்ச் சொல்லுச்சு?"

"என்னைக் கேக்க உங்களுக்கு எப்படி நாக்கு வந்துச்சு?" என்று சொல்லிக் கொண்டே வந்தவளுக்கு இருமல் வந்து வார்த்தையை அடைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, குடத்தைக்கூட நிரப்பாமல் போய்விட்டாள். மற்றப் பெண்கள் தண்ணீரைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் காலையே தையல்காரி பஸ் பிடித்து அலுவலகத்துக்குப் போனாள். கொடுத்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிடலாமா என்றுகூட மனசில் ஓடியது. கண்ணாடி போட்ட கிளார்க்கம்மா அவளை அடையாளம் கண்டுகொண்டு, நல்ல முகத்தோடுதான் பேசினாள்.

"நானே உங்களுக்குச் சொல்லணும்னு இருந்தேன். உங்க மில்லுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். அப்படி ஒரு ஆளே எங்ககிட்ட வேலை பாக்கலேன்னுட்டாங்க."

தையல்காரி மேஜைக்குக் கிட்டே போனாள். "நீங்களா போன் பண்ணீங்க?"

"நாங்கதாம்மா பண்ணணும். விண்ணப்பம் வந்த அன்னிக்கே முதலாளிகிட்ட உறுதி கேக்கணும்னு விதி."

அவள் யாருக்குப் பயந்து யாருக்கும் தெரியாமல் வந்தாளோ, அவனிடமே போய்க் கேட்பதுதான் விதி. நாத்தனாரின் முகம் ஞாபகம் வந்து தையல்காரிக்குக் கூசிப் போயிற்று.

"அவர் பேரு ரிஜிஸ்டர்ல இருக்கா?" என்று கிளார்க்கம்மா கேட்டாள்.

"கூலியைக் கையில குடுப்பாங்கம்மா. பேரை யாரு எழுதினா?"

கிளார்க்கம்மா மேஜை மேலிருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "ஒரு வழி இருக்கு. அவரோட சேந்து வேலை பார்த்தவங்க ஒருத்தர், டாக்டருங்க போர்டு முன்னாடி வந்து நேர்ல சொன்னா ஏத்துக்குவாங்க."

"நானே சொல்றேனே. நானும் அந்த மில்லுதான்."

"பெண்டாட்டி சொன்னாச் செல்லாது."

"அவர் தங்கச்சி இருக்கா. அங்கதான் சலிக்கிறா."

"ரத்த உறவும் கூடாதும்மா. வெளி ஆளா இருக்கணும். வர்ற மாசம் முதல் வாரம் போர்டு உக்காருது. அதை விட்டா மூணு டாக்டரும் மறுபடி எப்ப ஒண்ணாச் சேருவாங்கன்னு எனக்கே தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கதவைத் தட்டாமலே உள்ளே போய், "ஆபீசுல இருந்தேதான் போன் பண்ணியிருக்காங்க. தப்பா கேட்டுட்டேன்" என்றாள். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உக்காருங்க. தலையைப் பாருங்க, காக்கா கூடு மாதிரி" என்று சொல்லி, சீப்பை எடுத்து அவளுக்குத் தலை வாரிவிட்டாள். சமாதானம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தையல்காரி வரிசை வீடுகளில் ஏறி இறங்கினாள். சாட்சி சொல்ல மனசு இல்லாதவர்கள் யாருமில்லை. துணிச்சல்தான் ஒருவருக்கும் இல்லை. நெட்டையோடு ஒரே மெஷினில் நின்றவர் மூட்டைக்காரர். அரைத்து விழுவதை இவர்தான் பிடித்துச் சாக்கில் நிரப்புவார். அவர் அவளை உட்காரச் சொன்னார், அழுதார், கடைசியில் கைகளைக் கூப்பிவிட்டார்.

"நெட்டை எனக்குக் கூடப் பொறக்காத குறைதான். ஆனா எனக்கு இந்த வீட்டை விட்டா நிக்க இடமில்ல தாயி. பொண்ணு பிரசவமாகி வந்திருக்கு. அந்தப் பச்சை உடம்புக்காரியைக் கூட்டிக்கிட்டு ரோட்டுலயா நிப்பேன்?"

அவள் எழுந்து வந்துவிட்டாள். அவர் இடத்தில் அவள் இருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அந்த வாரமே மில் தண்ணீர் லாரி வரிசை வீடுகளுக்கு வருவது நின்றது. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. குழாயில் ஒழுகுகிற நூல் தண்ணீருக்குப் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. யாரும் திட்டவில்லை. ஜீப் மட்டும் அடிக்கடி வந்தது. தெருவுக்குள் மெதுவாக ஊர்ந்து வரும், அவள் வாசலில் கொஞ்சம் நிற்கும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், பிறகு போய்விடும். அது நிற்கும் நேரமெல்லாம் அவள் அடுப்பின் முன்னால் கையில் கரண்டியோடு அசையாமல் நிற்பாள். உள்ளே நெட்டையின் மூச்சு விசில் மாதிரி இழுக்கும். வெளியே எஞ்சின் உறுமும். எது முதலில் நிற்கும் என்று காத்திருப்பது போலிருக்கும். எஞ்சின் நின்றாலும் பயம், மூச்சு நின்றாலும் பயம்.

கொழுந்தன் ஒரு மத்தியானம் வந்து வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அண்ணி, மில்லுல கூப்பிட்டு, 'லாரிச் சாவியை மேஜை மேல வெச்சிட்டுப் போறியா, இல்ல உங்கண்ணிக்குப் புத்தி சொல்றியா'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே தம்பி?"

"சொல்றேன்னுதான் சொன்னேன். அதான் வந்திருக்கேன்." தரையைக் கீறினான். "புத்தி சொல்லிட்டேன். போதுமா? இப்ப கேட்டா சொல்லிட்டேன்னு சொல்லலாம்ல."

கட்டிலிலிருந்து நெட்டை பேசினான். "விட்டுடு. நான் இன்னும் எத்தனை நாளு. எனக்காக எல்லாரையும் தெருவுல நிறுத்தாத."

"நீங்க மூச்சை வீணாக்காதீங்க" என்றாள் அவள். அவன் முதுகுத் தலையணையை நிமிர்த்தி வைத்தாள்.

போர்டு கூடுவதற்கு முந்தின சாயங்காலம் மூட்டைக்காரர் பின்பக்கமாக வந்தார். யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன். உங்ககூடச் சேந்து வரமாட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். தையல்காரி அன்று நாத்தனாரிடம்கூட அதைச் சொல்லவில்லை.

காலையில் நெட்டையைக் கைத்தாங்கலாகப் பஸ்சில் ஏற்றினாள். நாத்தனாரும் கிளம்பி நின்றாள்.

"நீ எதுக்கு? நீ சொன்னாச் செல்லாதே."

"சாட்சி சொல்லத்தான் ரத்தம் பாப்பாங்க. துணைக்கு வர்றதுக்குமா பாப்பாங்க?" என்று சொல்லி நாத்தனார் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பியதும் தையல்காரி கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஜீப் வந்தது. முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. டவுன் வரும்வரை அவள் கழுத்தைத் திருப்பாமல் நெட்டையின் கையையே பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் எலும்பு மட்டும்தான் கனத்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மருந்து வாசனையும் நனைந்த துடைப்பத்தின் வாசனையும் கலந்து அடித்தன. போர்டு அறைக்கு வெளியே பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை வாசல் கதவு ஆடும்போதும் தையல்காரி எழுந்து எழுந்து பார்த்தாள். மூட்டைக்காரர் வரவில்லை. கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு சூப்பர்வைசர் வந்து, எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"மூட்டைக்காரனையா பாக்குறீங்க?" என்றார் சாதாரணமாக. "அவனைத் துறைமுகத்துக்கு லோடு இறக்க அனுப்பியிருக்கேன். வர நாலஞ்சு நாளாகும்."

மூட்டைக்காரர் வந்து சொன்னது இவருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பிரசவமான பெண் எங்கே இருக்கிறாள், வீட்டிலா, ரோட்டிலா?

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் ஒரு டாக்டரம்மா. ஓரத்தில் கிளார்க்கம்மா. டாக்டரம்மா நெட்டையின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள். "இது டிபி இல்ல" என்று பக்கத்து டாக்டரிடம் மெல்லச் சொன்னாள். அந்த மூன்று வார்த்தைக்காக எத்தனையோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றவளுக்கு, அதைக் கேட்டதும் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஆனா எங்க வேலை பார்த்தார்னு ஆதாரம் வேணும்" என்றார் வயசான டாக்டர். "மில் சார்பா யார் வந்திருக்காங்க?"

சூப்பர்வைசர் எழுந்து நின்றார். "நான்தாங்க. இப்படி ஒருத்தர் எங்க மில்லுல வேலை பாக்கலீங்க. நான் இவரைப் பாத்ததே இல்ல."

"அடப் பாவி!" என்று கதவருகில் நாத்தனார் வெடித்தாள். "பழம் வாங்கிட்டு வந்து கட்டிலண்டை உக்காந்திருந்தது யாரு? உங்க ஆவியா?"

"நீங்க யாரும்மா?"

"தங்கச்சிங்க."

"ரத்த உறவு. வெளிய இருங்க" என்றார் வயசான டாக்டர். "வேற சாட்சி இருக்கா?"

தையல்காரி கதவையே பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

"சரி, அடுத்த தடவை பாக்கலாம்" என்று அவர் காகிதங்களைச் சேர்த்தார்.

அப்போது நெட்டை எதையோ சொல்ல நாற்காலியிலிருந்து எழுந்தான். பாதி எழுந்தவனை இருமல் பிடித்து மடக்கியது. முகம் நீலம் பாய்ந்தது. கை காற்றைப் பிடிக்கத் துழாவியது. தையல்காரி நகர்வதற்குள் சூப்பர்வைசர் மேஜையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து அவனைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார்.

"நெட்டை! குனியாதடா. நிமிரு. என் மேல சாஞ்சுக்கோ. வாயால இழுக்காத, எத்தனை தடவை சொல்லியிருக்கேன், மூக்கால இழு, மெதுவா, மெதுவா..." என்று முதுகை நீவிவிட்டார். நர்ஸ் ஆக்சிஜன் முகமூடியைக் கொண்டுவந்து மாட்டும்வரை அவர் கை நிற்கவில்லை. மில்லில் மெஷினடியில் நெட்டை விழுந்த போதெல்லாம் தூக்கி நிறுத்திய கை அது. தானாகவே வேலை செய்தது.

நெட்டைக்கு மூச்சு திரும்பியது. அறையில் முகமூடிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இவரைப் பாத்ததே இல்லேன்னீங்க" என்றாள் டாக்டரம்மா.

சூப்பர்வைசர் கதவைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஆனாலும் முதலாளியே நிற்பது போல் அவர் முகம் வெளுத்தது. இத்தனை நாள் ஜீப் சத்தத்துக்குத் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தையல்காரி அப்போதுதான் பார்த்தாள்.

"எங்க பழக்கம் உங்களுக்கு?" என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அரவையிலங்க" என்றார் அவர். "ரெண்டாவது மெஷின். நல்ல வேலைக்காரன்." உடனே கையைக் கூப்பினார். "மேடம், இதை எழுதாதீங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. என்னை உண்டு இல்லேன்னு ஆக்கிடுவாங்க."

கிளார்க்கம்மாவின் பேனா நிற்காமல் ஓடியது. பிறகு காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். சூப்பர்வைசர் முகமூடியோடு நாற்காலியில் சாய்ந்திருந்த நெட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். கையெழுத்துப் போடமாட்டார் என்றுதான் தையல்காரி நினைத்தாள். போட்டார். போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் நாத்தனார் சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தாள். அவளைக் கடந்து போன டாக்டரம்மா நின்றாள்.

"எத்தனை நாளா இந்த இருமல்?"

"தொண்டைக் கட்டுங்க. கத்திக் கத்தி..."

"படம் எடுத்துட்டு வாங்க."

படம் வந்தது. டாக்டரம்மா அதையும் ஜன்னலில் பிடித்தாள். பக்கத்தில் நெட்டையின் படத்தையும் பிடித்தாள். இரண்டு நெஞ்சுக்கூட்டிலும் பொடி தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள். அண்ணனுக்கு அடர்த்தி, தங்கைக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். எதற்கெடுத்தாலும் வெடிக்கிற நாத்தனார் பஸ்சில் திரும்பும்போது புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு வந்தாள். தனக்கும் தொண்டை கரகரப்பது போல் தையல்காரிக்குத் தோன்றியது. விழுங்கி விழுங்கிப் பார்த்தாள்.

சூப்பர்வைசரை மறுநாளே வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். குடும்பத்தோடு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. மூட்டைக்காரர் திரும்பி வந்தபோது அவர் மகள் வீட்டில்தான் இருந்தாள். அவர்தான் தையல்காரி இருக்கும் பக்கம் தலைகாட்டுவதை நிறுத்திவிட்டார். தையல்காரிக்கும் நாத்தனாருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. டவுனில் மோட்டார் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரே அறை கிடைத்தது. ஆணி, நட்டு, கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவே மூன்று பேரும் குடியேறினார்கள். ஒர்க்‌ஷாப்காரருக்கு சீட் உறை தைத்துக் கொடுத்துத் தையல்காரி வாடகையைக் கழித்தாள்.

நிவாரணம் வந்தது. அதற்குள் கிளார்க்கம்மா மேஜைக்கும் பாங்கு ஜன்னலுக்கும் அவள் நடந்த நடைக்குக் கணக்கில்லை. மூச்சு மெஷின் வந்த அன்று நெட்டை குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, "பாரு, யானை மாதிரி இருக்கேன்" என்றான். பல மாதத்துக்குப் பிறகு சிரித்தான், இருமாமல்.

அதற்குப் பிறகு நாத்தனாரின் விண்ணப்பம். மில் அதே பதிலைத்தான் சொன்னது. இந்த முறை சாட்சி சொல்ல வரிசை வீடுகளிலிருந்து ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிளார்க்கம்மா பேனாவைக் கடித்துக்கொண்டு தையல்காரியைப் பார்த்தாள்.

"நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

"அண்ணி."

"அண்ணன் பெண்டாட்டி." விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "ரத்த உறவு இல்லையே! நீங்களும் அங்க வேலை பார்த்தவங்கதானே? நீங்க சொல்லலாம்."

நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் கூடப் பொறந்தவளாட்டம் பாத்துக்கிட்டீங்களே அண்ணி. நல்லவேளை, கூடப் பொறக்கல."

போர்டுக்கு முந்தின நாள் ஒர்க்‌ஷாப் போனுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மறுமுனையில் தெரியாத குரல். மிக மரியாதையான குரல். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறீங்களாமே. நல்லதும்மா. உங்க கொழுந்தனார் இன்னும் எங்க லாரிதானே ஓட்டறார்? நாளைக்கு மலை ரோட்டுல லோடு. வளைவு அதிகம். பாத்துப் போகச் சொல்லுங்க." போன் வைக்கப்பட்டது. தையல்காரி ரிசீவரைப் பிடித்தபடியே நின்றாள். ஒர்க்‌ஷாப்காரர் அவள் கையிலிருந்து அதை மெல்ல விடுவித்து வைக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை கொழுந்தனிடம் சொன்னாள். அவன் டயர் ஒன்றைக் காலால் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"நான் போகல தம்பி. விட்டுடலாம்" என்றாள்.

"அக்காவும் அண்ணன் மாதிரி உக்காந்தே தூங்கணுமா?" என்றான். "பிரேக்கை நானே கழட்டிப் பாத்துட்டு ஓட்டறேன். நீங்க போங்க அண்ணி."

மறுநாள் அதே அறை. மில் சார்பில் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் வந்திருந்தார். அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். நேற்றைய குரல் இவருடையதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பேசும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்க மாவு சலிச்சாங்க. நான் எதிர்ல உக்காந்து சாக்குத் தைப்பேன். மாவு பறக்கும்போது இவங்க முகம் தெரியாது, கண்ணு மட்டும் தெரியும். இருமல் சத்தம் கேட்டாத்தான் இவங்க எங்க இருக்காங்கன்னு தெரியும். இவங்களைக் கண்ணுல பாத்ததில்லேன்னு யாராவது சொன்னா, அது ஒரு வகையில நெசந்தான். அவ்வளவு மாவு."

டாக்டரம்மா எழுதினாள். வக்கீல் நிறையக் கேட்டார். எந்த வருஷம், எந்த ஷிஃப்ட், யார் கூலி கொடுத்தது. சில கேள்விகளுக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். வெளியே வந்தபோது ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன அண்ணி, மெதுவாவே பேசுனீங்க. எனக்குக் கேக்கவே இல்ல" என்று நாத்தனார் குறைப்பட்டாள்.

தையல்காரி அதைக் காதில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் கடையிலிருந்து கொழுந்தனின் போனுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். கடைக்காரர், நாத்தனார், ரோடு, வண்டிகள் எல்லாம் தூரத்தில் எங்கேயோ இருந்தன. மூன்றாவது முறை அடிக்கக் கை வரவில்லை. நாத்தனார் போனைப் பிடுங்கி எண்களை அழுத்தினாள்.

எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. "அண்ணி? வளைவுல இருந்தேன், எடுக்க முடியல. இப்பத்தான் மலை இறங்கினேன். சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் தம்பி" என்றாள். அப்படியே கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நீ இன்னும் திரும்பி வரணும்ல. பாத்து வா."